போயா நாளில் ஜப்பான் வீடு: அட்டலில் நெளிந்த என் இசைத்தட்டு

போன மாதப் போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை அன்று நுவரெலியாவுக்குப் போய் வந்தேன். பூந்தோட்டம் பார்க்கவோ படகில் ஏறவோ போகவில்லை. எங்கள் வீட்டில் மூன்று வருடமாகக் கிடந்த ஒரு இசைத்தட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளப் போனேன்.

நான் பத்தாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். இப்போது ஹட்டனில் ஒரு தையல் கடையில் வேலை. வயது பதினேழு. ஆட்களுக்கு முன்னால் எனக்குப் பேச்சு வராது. வகுப்பில் பெயர் கூப்பிடும்போதுகூட என் குரல் எழும்பாது, பக்கத்தில் இருப்பவள்தான் "இருக்கா சேர்" என்பாள். எழுதும்போது மட்டும் நிறுத்த முடிவதில்லை, மன்னியுங்கள்.

தட்டின் கதை இதுதான். எங்கள் தேயிலைத் தோட்டத்தின் தொரை, அதாவது மேலாளர், இருந்த பங்களாவை ஹோட்டலாக மாற்றியபோது பழைய சாமான்களை வெளியே கொட்டினார்கள். அங்கே பூச்செடி வேலை செய்த அப்பா அந்தத் தட்டைக் கேட்டு வாங்கி வந்தார். நடுவில் ஒட்டியிருந்த தாளைப் பூஞ்சணம் தின்றுவிட்டதால் ஒரு எழுத்துகூட இல்லை. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாரிடமும் அதைப் போடுகிற மெஷின் கிடையாது. பாட்டு என்றார் அப்பா. பேய்க் குரல் என்றான் தம்பி. எனக்கு அதை நினைத்தே தூக்கம் கெடும்.

எங்கள் ரமேஷ் அண்ணன் நுவரெலியாவில் ஒரு விஸ்கி பாரில் வேலை செய்கிறார். அதன் முதலாளி பல வருடம் ஜப்பானில் இருந்துவிட்டு வந்த நிஷாந்த மாத்தயா (சிங்களத்தில் ஐயா என்பதுபோல). அங்கே குடிப்பதைவிடக் கேட்பதுதான் முக்கியம். பெரிய ஸ்பீக்கர்களில் இசைத்தட்டு ஓடும், எல்லோரும் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். ஊர்க்காரர்கள் அதை ஜப்பான் வீடு என்பார்கள். போயாவில் நாடு முழுக்க மது விற்கத் தடை என்பதால், அன்றைக்கு மட்டும் விஸ்கி அலுமாரிக்குத் திரை போட்டுவிட்டு, மூன்று மணி முதல் ஆறு மணி வரை தேநீரோடு திறந்து வைக்கிறார்கள். எந்த வயதுக்காரரும் போகலாம். சொந்தத் தட்டும் கொண்டுபோகலாம். அண்ணன் இதைச் சொன்ன நிமிடமே நான் கிளம்பத் தயார்.

எங்கள் டிக்கோயாவிலிருந்து ஹட்டனுக்கு ஒரு பஸ், அங்கிருந்து நுவரெலியாவுக்கு இன்னொன்று. காலை பத்து மணிக்கு ஏறினேன். ஹட்டனிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆனது. ரயிலில் நானுஓயாவில் இறங்கியும் போகலாம், ஆனால் போயா நெரிசலில் தட்டு தப்பாது. இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து, அம்மாவின் கம்பளியில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். தலவாக்கலைக்கு முன்னால் நீர்வீழ்ச்சி வந்ததும் எல்லோரும் ஜன்னல் பக்கம் சாய்ந்தார்கள். நான் தட்டுக்கு மேல் கவிழ்ந்துகொண்டேன்.

நுவரெலியா பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ பிடித்தேன். முந்நூறு ரூபாய் கேட்டார். பேரம் பேச வருபவர்களுக்குக் குறையலாம்.

"ஜப்பான் வீடா? அது சாராயக் கடையாச்சே பாப்பா! வீட்ல தெரியுமா?"

"இன்னைக்கு போயாங்க. தேத்தண்ணி மட்டுந்தான்."

"டிக்கோயாவுல இருந்து இங்க தேத்தண்ணி குடிக்க வாறியா? அங்க கொழுந்து தீந்துபோச்சா?"

சிரித்துக்கொண்டே வாசலில் இறக்கிவிட்டார். வாவிக்கு மேலே, பச்சைத் தகரக் கூரை போட்ட பழைய வீடு.

செருப்பைக் கழற்றிவிட்டு அவர்கள் தரும் துணிச் செருப்பைப் போட வேண்டும். பிறகு சூடான ஈரத் துண்டு தருகிறார்கள், கை துடைக்க. நான் முகத்தையும் துடைத்துவிட்டேன், அவ்வளவு சுகம்! திரை ஒரு ஓரத்தில் விலகியிருந்தது. உள்ளே போத்தல்களின் கழுத்தில் சின்னச் சின்ன அட்டைகள். வாடிக்கையாளர் மிச்சம் வைத்த போத்தலில் அவர் பெயரைக் கட்டி, மறுமுறை வரும்வரை பத்திரமாக வைப்பார்களாம். அண்ணன் ஒரு பனிக்கட்டியைக் கத்தியால் பந்துபோலச் செதுக்கி, இஞ்சிப் பானத்தில் போட்டுத் தந்தார்.

"நுவரெலியாக் குளிருல ஐஸா அண்ணே?"

"சும்மா குடி. இதுக்குத்தான் எனக்குச் சம்பளம்."

கொழும்பிலிருந்து வந்த கணவன் மனைவியும் மூன்று வெள்ளைக்காரர்களும் இருந்தார்கள். முதலில் மாத்தயா ஒரு பியானோ தட்டைப் போட்டார். ஐயோ, அதை எப்படிச் சொல்வேன்! பியானோக்காரரின் மூச்சுகூட எனக்குப் பக்கத்தில் கேட்டது. யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பேசாமல் இருப்பதே சட்டமாக உள்ள ஒரு இடம் உலகத்தில் இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பிறகு என் முறை. தட்டு கொண்டு வந்தவர் நடு நாற்காலியில் உட்கார வேண்டுமாம், அங்கேதான் சத்தம் சரியாகச் சேருமாம். எல்லோருக்கும் முன்னால் போய் உட்கார்ந்தேன். காது சுட்டது. மாத்தயா கம்பளியைப் பிரித்துத் தட்டை வெளிச்சத்தில் பிடித்தார். அது அப்பளம்போல நெளிந்திருந்தது.

"நங்கி, இத எங்க வச்சது?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். சிங்களத்தில் நங்கி என்றால் தங்கச்சி.

எனக்குப் பதிலாக அண்ணன் சொன்னார்: "அட்டல்ல வச்சிருக்கும் மாத்தயா. அடுப்புக்கு மேல."

எங்கள் பக்கத்துப் பனியில் செருப்புகூடப் பூஞ்சணம் பிடிக்கும். அதனால் நல்ல பொருள் எல்லாம் அடுப்புக்கு மேலே தொங்கும் அட்டலுக்குத்தான் போகும். நான் அதைப் பாதுகாத்துப் பாதுகாத்தே கெடுத்திருக்கிறேன்.

மாத்தயா நெற்றியில் கை வைத்தார். இருந்தாலும் தட்டின் நடுவில் ஒரு பாரத்தை வைத்து ஓடவிட்டார். ஊசி படகுபோல ஏறி இறங்கியது. கரகரவென்று ஒரு சத்தம், பிறகு டக் டக்கென்று ஒரே இடத்தில் குதித்தது. சட்டென்று தூக்கிவிட்டார்.

"போதும் நங்கி. ஜப்பான் ஊசி. ஒடஞ்சா இங்க கிடைக்காது."

தட்டைக் கம்பளியில் சுற்றத் தொடங்கினார். மூன்று வருடம்!

"மத்தப் பக்கம்" என்றேன். எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

மாத்தயா என்னைப் பார்த்தார், ஊசியைப் பார்த்தார். பெருமூச்சு விட்டுத் தட்டைத் திருப்பிப் போட்டார். ஊசி ஆடியது, ஆனால் குதிக்கவில்லை. தட்டுக்குள்ளிருந்து ஒரு வெள்ளைக்காரக் குரல் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னது. அடுத்து இன்னொரு ஆண் குரல், தமிழில், நிறுத்தி நிறுத்தி:

"இங்கே வா."

பிறகு கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

மறுபடி ஆங்கிலம். மறுபடி தமிழ்: "கூடையைக் காட்டு." மறுபடி அமைதி.

அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கும் விளங்கிவிட்டது. பாட்டும் இல்லை, பேயும் இல்லை! புதிதாக வரும் தொரைமார் எங்களை வேலை வாங்கத் தமிழ் படிக்கிற தட்டு. அந்த இடைவெளி, தொரை திருப்பிச் சொல்லிப் பழகுவதற்கு. இப்போது சொல்ல அங்கே எந்தத் தொரையும் இல்லை.

"உன் பேர் என்ன?" என்றது ஸ்பீக்கர். என் முகத்துக்கு நேராக, ஆள் நிற்பதுபோல.

"தர்ஷினி" என்றேன்.

என் குரல்தான். வகுப்பில் ஒரு நாளும் வராத குரல்.

"நேற்று ஏன் வேலைக்கு வரவில்லை?"

"மழைங்க தொரை! அட்டை கடிச்சி காலு வீங்கிருச்சி!" இது அண்ணன், திரைப் பக்கமிருந்து.

"கொழுந்து குறைவு."

"கொழுந்து சரியாத்தான் இருக்கு. ஒங்க தராசப் பாருங்க" என்றேன்.

அண்ணன் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த ஐஸ் பந்து தரையில் உருண்டது. கொழும்பு அக்கா சிங்களத்தில் என்னவென்று கேட்க, அண்ணன் சொல்ல, அவர் கணவருக்குச் சொல்ல, கணவர் வெள்ளைக்காரர்களுக்குச் சொல்ல, கூடமே சிரித்தது. சட்டம் போட்ட மாத்தயா அடக்குவார் என்று பார்த்தால், சத்தத்தை இன்னும் கூட்டிவிட்டார். முடிந்ததும் வெள்ளைக்காரர்கள் கை தட்டி இன்னொரு முறை கேட்டார்கள். இரண்டாம் முறை நான் வேறு பதில்கள் சொன்னேன். அவற்றை இங்கே எழுத மாட்டேன், அம்மா படிப்பார்.

போக நினைப்பவர்களுக்கு: போயா நாளில் உள்ளே போகக் கட்டணம் இல்லை, ஒரு பானம் வாங்கினால் போதும். இஞ்சிப் பானம் எழுநூறு ரூபாய் (என்னுடையது அண்ணன் கணக்கில்). இருபத்தொரு வயது ஆகாதவர்கள் மற்ற நாட்களில் போகாதீர்கள், வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். கம்பளியும் காலுறையும் வேண்டும். ஹட்டனுக்குத் திரும்பும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பஸ் ஸ்டாண்டில் இறங்கியதுமே கேட்டு வையுங்கள். வீட்டில் பழைய தட்டு இருந்தால் அட்டலில் மட்டும் வைக்காதீர்கள்.

என் தட்டை அங்கேயே விட்டு வந்தேன். மாத்தயா அதை விஸ்கி அலுமாரியில் நிறுத்தி, போத்தலுக்குக் கட்டுவதுபோல ஒரு அட்டையில் என் பெயரை எழுதிக் கட்டினார். எப்போது வந்தாலும் எனக்காகப் போடுவாராம்.

அந்தப் பக்கத்தின் கடைசி வசனத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். "சரி, நீ போகலாம்" என்றார் தட்டுக்குள் இருந்தவர். பிறகு அந்த இடைவெளி.

நான் என் கிளாஸில் இருந்த ஐஸ் பந்து கரையும்வரை நடு நாற்காலியை விட்டு எழும்பவே இல்லை.