களைக்குக் கொழுகொம்பு

இங்கிலாந்தின் ராதரம் நகரில் ஆயுள் முழுக்க பஸ் ஓட்டிய நெவில் ஆக்ராய்டுக்கு மண்ணைப் பற்றித் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: அது பூட்சில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்தால் மனைவி க்ளெண்டா சாமியாடுவாள். அப்படிப்பட்டவர், நகராட்சி வாடகைக்கு விடும் தோட்டத் துண்டு ஒன்றுக்கு எழுதிப் போட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார். ஓய்வு பெற்ற வசந்தத்தில் சாவி கிடைத்தது. பேரக்குழந்தை பிறந்த செய்தியைப் போல அதைத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

துண்டின் மேல்பாதியை முன்பு வைத்திருந்தவர் ஒழுங்காகப் பார்த்திருந்தார். அங்கே உருளைக்கிழங்கும் வெங்காயமும் போட்டதில் நெவிலுக்குச் சிரமமே இல்லை. கீழ்பாதிதான் காடு. கொடிக்களை மண்டிக் கிடந்தது. குனிந்து ஒவ்வொன்றாகப் பிடுங்க நெவில் என்ன முட்டாளா? வாழ்நாள் முழுக்க இன்ஜினை நம்பியவர். ஒரு பவர் டில்லரை வாடகைக்கு எடுத்துவந்து, கீழ்பாதியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓட்டித் தள்ளினார். காலையில் காடு, மதியம் சாக்லேட் கேக் மாதிரி மண். பக்கத்துத் துண்டுக்காரர் ஸ்டான்லி, தன் ஃப்ளாஸ்கில் இருந்து டீயை ஊற்றிக் குடித்துக்கொண்டே கடைசி வரை வேடிக்கை பார்த்தார். அந்த ஊர்க்காரர்களுக்கு, யாரும் கேட்காமல் புத்தி சொல்வது பாவம். நடந்ததைப் பார்த்துச் சிரிப்பது மட்டும் புண்ணியம்.

அந்த மண்ணில் நெவில் பீன்ஸ் விதைத்தார். கொஞ்ச நாளில் முளைத்தது பாருங்கள், அப்படி ஒரு முளைப்பு! வரிசையில் முளைத்தது, வரிசைக்கு வெளியே முளைத்தது, நடைபாதையில்கூட முளைத்தது. இதய வடிவ இலைகள், பச்சைப் பசேலென்று. பறவைகள் விதையை இழுத்துப் போட்டிருக்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினார். மூங்கில் குச்சிகளை நட்டு, ஒவ்வொரு கொடியையும் நூலால் பதமாகக் கட்டிவிட்டார். அது விறுவிறுவென்று ஏறியது.

அப்போதுதான் ஸ்டான்லி வேலியோரம் வந்தார்.

"நெவில், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுய்யா."

"இதுக்கெல்லாம் எதுக்குக் குச்சி நட்டிருக்கே?"

"பீன்ஸ் ஏற வேணாமா?"

ஸ்டான்லி டீயைக் கீழே வைத்தார். "பீன்ஸ் அந்த மூலையில நாலு செடி இருக்கு, பாரு, மூச்சு முட்டிக்கிட்டு. மீதி பூரா நீ மெஷினால நறுக்கிப் போட்ட கொடிக்களை. அதோட வேரை விரல் அளவு வெட்டிப் போட்டாலும் அது ஒரு செடி. யோவ், களையை நட்டவனைப் பாத்திருக்கேன், நானே நட்டிருக்கேன். களைக்குக் கொழுகொம்பு வெச்சவனை இன்னிக்குத்தான்யா பாக்குறேன்!"

சாயங்காலத்துக்குள் இந்தக் கதை தோட்டம் முழுக்கப் பரவிவிட்டது. நெவிலுக்கு உள்ளூர அவமானம்தான். ஆனால் அவமானத்தைவிடப் பெரியது பயம். புதிதாக வருகிறவர் முதல் கோடைக்குள் முக்கால் துண்டைப் பயிராக்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் துண்டு கையை விட்டுப் போகும். தோட்டங்களை நிர்வகிக்கும் சங்கத்தின் செயலாளர் மார்ஜரி விட்டுக்கொடுக்கிற மனுஷி இல்லை. இதையும் பறிகொடுத்தால் காலையில் எழுந்து எங்கே போவது என்று நெவிலுக்கு நிஜமாகவே தெரியவில்லை.

அன்றிலிருந்து முழங்காலில் உட்கார்ந்தார். மண்ணைக் கிளறி, நூடுல்ஸ் மாதிரி வெள்ளை வேர்களைத் துண்டு துண்டாகப் பொறுக்கி வாளியில் போட்டார். இன்று எடுத்த இடத்தில் அடுத்த வாரம் மறுபடி தலைகாட்டும். முதுகு கழன்றது. ஆனால் ஒரு விஷயத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை: அந்த வேலை அவருக்குப் பிடித்துப்போனது. உடையாமல் ஒரு முழ வேர் வழுக்கிக்கொண்டு வெளியே வரும்போது, பஸ்ஸை ஒரு நிமிடம்கூடத் தாமதமில்லாமல் நிலையத்தில் சேர்த்த சந்தோஷம் வரும்.

ஜூலையில் மார்ஜரி பார்வையிட வந்தார். கூடவே ஒரு இளம்பெண், ஜெம்மா. காத்திருப்போர் வரிசையில் அடுத்த ஆள்.

மார்ஜரி மேல்பாதியைப் பார்த்துத் தலையாட்டினார். கீழ்பாதியைப் பார்த்து உதட்டைச் சுழித்தார். "முக்கால் இல்ல நெவில். பாதிதான் தேறுது."

"உழைச்சுக்கிட்டுதாங்க இருக்கேன்."

"தெரியுது. அதனாலதான் முழுசாப் பிடுங்கல. துண்டை ரெண்டாப் பிரிச்சிடறோம். உனக்குப் பாதி, இந்தப் பொண்ணுக்குப் பாதி. உனக்கு எந்தப் பாதி வேணும்னு நீயே சொல்லு."

நெவிலுக்கு உயிர் திரும்பி வந்தது. தோட்டம் போகவில்லை! உருளைக்கிழங்கு பூத்திருந்தது, வெங்காயம் பருத்திருந்தது. கீழே இருக்கும் சனியன் தொலைந்தது என்று கையை மேல்பாதிப் பக்கம் நீட்டியே விட்டார்.

அதே நேரம் ஜெம்மா கீழ்பாதியில் குனிந்து ஒரு இலையைத் தொட்டாள். அவள் முகமெல்லாம் சிரிப்பு. "ஐ, இங்க பீன்ஸ் ஏற்கெனவே முளைச்சிருக்கே! என் பசங்க குதிப்பாங்க."

வேலிக்கு அந்தப் பக்கம் ஸ்டான்லி இருமினார். நெவில் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

"கீழ்பாதி எனக்கு," என்றார்.

"என்னது?" மார்ஜரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அது பீன்ஸ் இல்லம்மா," என்றார் நெவில், ஜெம்மாவிடம். "களை. ஒண்ணை நூறாக்கினது நான். இதை உன் தலையில கட்டிட்டு நான் மேல உக்காந்து உருளைக்கிழங்கு தோண்டினா எனக்குத் தொண்டையில இறங்காது. மேல இருக்குறது நல்ல மண்ணு. கிழங்கையும் நீயே எடுத்துக்க."

சொல்லி முடித்துவிட்டு வெங்காய வரிசையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அந்த வெங்காயத்தை அவர் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிடாத குறை.

வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது க்ளெண்டா இஸ்திரிப் பெட்டியை அப்படியே நிமிர்த்தி வைத்தாள். "விளைஞ்சதைக் குடுத்துட்டு களையை வாங்கிட்டு வந்தியா? நல்லா இருக்கியா நீ?"

"வந்து பாரு, அப்புறம் திட்டு."

மறுநாள் வந்தாள், திட்டுவதற்கென்றே, நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு. கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து ஆரம்பித்தாள். பேச்சுவாக்கில் கால்பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு வெள்ளை நுனியைப் பிடித்து இழுத்தாள். வந்தது. இன்னும் இழுத்தாள். இன்னும் வந்தது. பேச்சு நின்றுபோனது. கோட்டைக் கழற்றி வேலியில் எறிந்துவிட்டு மண்டியிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவள் உயரத்துக்கு ஒரு வேரை உடையாமல் உருவி எடுத்துத் தூக்கிக் காட்டினாள்.

"நெவில்! பாத்தியா! நீ இப்பிடி ஒண்ணு எடுத்திருக்கியா?"

அவர் எடுத்ததில்லை. பொறாமையாகவும் இருந்தது, நெஞ்சு நிறைந்தும் இருந்தது.

மழை தூற ஆரம்பித்தது. ஸ்டான்லி ஃப்ளாஸ்கை மூடிக்கொண்டு கிளம்பினார். மேல்பாதியில் இருந்த ஜெம்மாவும் அவள் பிள்ளைகளும் வீட்டுக்கு ஓடினார்கள்.

"போலாமா?" என்றார் நெவில்.

"சும்மா இரு," என்றாள் க்ளெண்டா, தலை நிமிராமல். "இங்க இன்னொண்ணு மாட்டியிருக்கு."