தட்டில் வந்த கட்டி

அம்மா போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வயிற்றில் புற்றுக்கட்டி. அறுத்துப் பார்த்துவிட்டு, எடுக்க முடியாதென்று அப்படியே தைத்துவிட்டார்கள். அன்று தியேட்டர் கதவைத் திறந்து வந்த டாக்டரின் வெறும் கை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அதனால் அக்கா வயிற்று வலி என்றபோது ஆஸ்பத்திரி என்ற பேச்சையே நான் எடுக்கவில்லை. ஆரியசாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்தக் கடையில் பெருங்காயம் பொட்டலம் கட்டுவதுதான் என் வேலை. வாயுதான் என்று மோரில் கரைத்துக் கொடுத்தேன்.

"எலேய், என் வயிறு என்ன சாம்பார் சட்டியா?" என்பாள். ஆனாலும் குடித்துவிடுவாள். அவளுக்கும் பயம்.

தொடை மரத்து, படியில் கால் மடங்கி விழுந்த பிறகுதான் போனோம். ஸ்கேனில் கட்டி என்றார்கள்.

சர்ஜன் ஒரு பெண். ஸ்கேனைப் பார்த்துவிட்டு, அக்காவின் தொடையைப் பஞ்சால் தொட்டுத் தொட்டுக் கேட்டார். தொடுவது தெரியாத இடத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டார்.

"இது குடல்ல உள்ளதில்ல மோனே. காலுக்குப் போற நரம்புல வந்த கட்டியாக்கும். அபூர்வமாட்டுதான் வரும். கேன்சர் போல தோணல. ஊசி குத்தி டெஸ்ட் பாக்கலாம்."

"எங்க அம்மாவுக்கும் இப்படித்தான் டாக்டர்..."

"அது வேற, இது வேற. கேட்டியா?"

டெஸ்டும் அவர் சொன்னபடியே வந்தது. ஆனால் எடுக்கும்போது நரம்பு அறுந்தால் காலை நீட்ட முடியாமல் போகலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

ஆப்பரேஷன் அன்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அறுத்து எடுத்ததை வீட்டு ஆளிடம் காட்டுவது ஆஸ்பத்திரி வழக்கம். கதவு திறந்தது. அவர் கையில் ஒரு ஸ்டீல் தட்டு. அதில் மஞ்சளாய், வழவழவென்று ஒரு கட்டி.

"உறையைக் கீறி, பலாச்சுளைக்குள்ள இருந்து சக்கக்குரு எடுக்கற மாதிரி எடுத்தாச்சு. நரம்பு அறுபடல."

நான் கட்டியைப் பார்க்கவில்லை. அந்தக் கைகளைத்தான் பார்த்தேன். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

"அழாண்டாம். கால் அசையட்டு, பின்ன சிரிக்கலாம்."

சாயங்காலம் கட்டிலருகே வந்தார். அக்காவின் முழங்காலுக்கடியில் தலையணையை வைத்தார்.

"காலை நீட்டு மோளே."

பாதம் நடுங்கியது. பிறகு மெல்ல, மெல்ல மேலே எழும்பிக் கால் நேராக நின்றது. அப்போதுதான் டாக்டரும் மூச்சு விட்டார்.

அக்கா என்னைப் பார்த்தாள். "மோர் கொண்டாந்திருக்கியால?"

"இன்னைக்குத் தண்ணிகூடக் கிடையாது" என்றார் டாக்டர்.

"அப்பாடா, தப்பிச்சேன்" என்றாள் அக்கா.