பூசணிக்காய்க்கு எஃப்.ஐ.ஆர். உண்டா?

தண்ணீர் லாரி நின்றது. நான் நிற்கவில்லை. விபத்து என்று பார்த்தால் அவ்வளவுதான்.

அம்பத்தூர் தாண்டி ஆவடி போகிற சாலை. சாயங்கால நெரிசல். எனக்கு முன்னால் ஒரு டேங்கர், சிக்னலும் இல்லாத, மாடும் இல்லாத இடத்தில் சடாரென்று நின்றுவிட்டது. நானும் பிரேக்கைத்தான் மிதித்தேன் என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன். கார் அதை நம்பவில்லை. பானெட் பந்தல் மாதிரி எழும்பியது. பம்பர் வலது பக்கம் கிழிந்து தொங்கியது. ஒரு ஹெட்லைட் தூள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. லாரிக்கு என்னைவிட ஒன்றும் ஆகவில்லை.

டிரைவர் இறங்கி வந்து தன் லாரியின் முதுகைத் தடவிப் பார்த்தார். கீறல்கூட இல்லை என்றதும் சண்டை போட வழியில்லாமல் போன வருத்தம் அவர் முகத்தில் தெரிந்தது.

"இன்னா நைனா, தண்ணி வேணும்னா கேட்டு வாங்கக்கூடாதா? முட்டிகினு வர்றே?"

"சாரிங்க, சாரிங்க."

"அடி கிடி பட்டுச்சா?"

"இல்லைங்க."

"அப்பறம் எதுக்கு இப்பிடி நடுங்கினுகீறே? ஓரங்கட்டு. ரெண்டு போட்டோ புடி. இன்சூரன்ஸ் கீதுல்ல? போன் போடு."

பிடித்தேன். போட்டேன். பிறகு பார்த்தால், பிடித்த படங்கள் எல்லாவற்றிலும் என் முகவாய்தான் இருந்தது. முன்பக்கக் கேமராவில் எடுத்திருக்கிறேன். போட்ட போன், கேஸ் சிலிண்டர் பதிவு செய்கிற நம்பருக்குப் போயிருக்கிறது. அந்தப் பதிவுக் குரல் ஒன்றை அழுத்தச் சொன்னது, அழுத்தினேன். "உங்கள் பதிவு ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்றது. இந்தக் காலத்தில் இவ்வளவு வேகமாக ஒரு கிளைமை ஏற்றுக்கொள்கிறார்களே என்று நடுத்தெருவில் கண் கலங்கி நின்றேன். மறுநாள் காலையில் சிலிண்டர் வந்தது.

கோவில்பதாகையில் எங்கள் ஃபிளாட் வரைக்கும் வண்டியை நடைவேகத்தில் ஓட்டி வந்தேன். பம்பர் ரோட்டை உரசுகிற சத்தம் எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டது. என் மனைவி பார்க்கிங்கில் இறங்கி நின்றிருந்தாள். முதலில் என்னைச் சுற்றி வந்து பார்த்தாள். பிறகு காரைச் சுற்றி வந்து பார்த்தாள். இரண்டும் உயிரோடு இருப்பது தெரிந்ததும் தீர்ப்பு சொன்னாள்.

"இன்சூரன்ஸ்காரங்க குடுத்தா ரிப்பேர் பண்ணுங்க. குடுக்கலன்னா கைக்காசு ஒரு ரூபா போட மாட்டேன். அப்படியே வித்துடறோம்."

"விக்கறதா?"

"ஸ்கூட்டர் இருக்கு. அண்ணனூர் ஸ்டேஷன் இருக்கு. இத்தனை வருஷம் போனீங்கதானே?"

அண்ணனூரில் மின்சார ரயில் ஏறி, நின்றபடியே போய், நின்றபடியே வந்து, தலைமுடியில் பாதியை யார் யாருடைய அக்குளுக்கு அடியிலோ தேய்த்துக் கொடுத்தவன் நான். ஐம்பதை நெருங்கும்போதுதான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, கல்லூரிப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கி, கார் வாங்கினேன். உட்கார்ந்துகொண்டு வேலைக்குப் போகிற சுகம் என்னவென்று அப்போதுதான் தெரிந்தது. கிளைம் போனால் அந்த ஆசனமும் போய்விடும்.

சரியான நம்பருக்குப் பேசினேன். பதிவு செய்துகொண்டார்கள். "வண்டியின் முன்பக்கப் படங்களை எங்கள் செயலியில் நாளைக்கு ஏற்றுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறோம்" என்றார்கள்.

மறுநாள் அமாவாசை.

எங்கள் ஃபிளாட்டில் ஒரு வண்டிக்கு அடி பட்டால் அது ஒரு குடும்பத்தின் பிரச்சினை இல்லை. விடிவதற்குள் எல்லா மாடியிலும் ஆராய்ந்து ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள்: கண்ணு பட்டிருக்கு. என் மனைவி மார்க்கெட்டுக்குப் போய், இடுப்பில் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி ஒரு கல்யாணப் பூசணிக்காயைத் தூக்கி வந்தாள். மேலே துளை போட்டு, உள்ளே குங்குமத்தைக் கொட்டி, தண்ணீர் விட்டுக் கலக்கி, உச்சியில் சூடம் ஏற்றினாள். காரை மூன்று சுற்று சுற்றி என் கையில் கொடுத்தாள்.

"ஓங்கி ஒடைங்க. ஒரே அடியில சிதறணும்."

முந்தைய நாள் பிரேக்கில் வராத பலம் எல்லாம் அப்போது கையில் வந்தது. தரையில்தான் குறி வைத்தேன். பூசணிக்காய் கை நழுவி நேராக பம்பருக்குக் கீழே போய் வெடித்தது. பம்பர், நம்பர் பிளேட், டயர், என் வேட்டி எல்லாம் ரத்தச் சிவப்பு. கூட்டத்தில் நல்ல வரவேற்பு. "அப்பா, எவ்வளவு கண்ணு பாருங்க!" என்றார் மேல்வீட்டு அம்மா. பொழுது சாய்கிற வரைக்கும் கழுவக் கூடாது, கழுவினால் பலன் போய்விடும் என்றும் சொன்னார்.

நான் கழுவவில்லை. அப்படியே படம் பிடித்தேன். இந்த முறை சரியான கேமராவில், நல்ல வெளிச்சத்தில், நெருக்கமாக. ஏற்றினேன்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. வடக்கே எங்கிருந்தோ ஒரு பெண். ஆங்கிலத்தில் பேசினாள். குரலில் ஒரு மரியாதை. இழவு வீட்டில் பேசுகிற மரியாதை.

"சார், விபத்தில் யாருக்காவது காயமா?"

"இல்லையே."

"உறுதியாகவா சார்? படங்களில் ரத்தம் இருக்கிறது. சதைத் துணுக்குகள் மாதிரியும் ஏதோ இருக்கிறது."

ரசம் புரையேறியது. "அது பூசணிக்காய்!" என்றேன்.

"பூசணிக்காய் மீது மோதினீர்களா?"

"இல்லை. மோதியது லாரி மீது. பூசணிக்காயை அப்புறம் நானே மோதினேன்."

"வண்டியின் மீதா?"

"வண்டியைக் காப்பாற்றத்தான்."

அவள் எல்லாவற்றையும் தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது. நான் பேசப்பேசச் சத்தம் கூடியது. கடைசியில், "உங்கள் வாக்குமூலத்தில் இரண்டு மோதல்கள் வருகின்றன சார். மூன்றாம் நபருக்குக் காயம் என்ற சந்தேகமும் இருக்கிறது. கிளைமை நிறுத்தி வைக்கிறோம். சேதத்தை மதிப்பிட எங்கள் சர்வேயர் நேரில் வருவார். எஃப்.ஐ.ஆர். இருந்தால் எடுத்து வையுங்கள்" என்று வைத்துவிட்டாள்.

எஃப்.ஐ.ஆர். என்ற மூன்று எழுத்து போதும் எனக்கு. கையில் விலங்கோடு நான் ஆவடி பஸ் ஸ்டாண்டில் நடப்பதும், பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிள் பாதிப் பூசணிக்காயைத் தட்டில் ஏந்தி வருவதும் கண்ணில் தெரிந்தது. கீழ்வீட்டுக்காரரிடம் ஓடினேன். பாடி பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். என்னை மாமே என்று கூப்பிடுகிற உரிமை உள்ளவர்.

"போலீஸ்ல போய், நான் யாரையும் அடிக்கலன்னு ஒரு சர்டிபிகேட் வாங்கிடலாமா?" என்றேன்.

"மாமே, அவுங்களே யாரு யாரை அடிச்சான்னு தேடிகினுகீறாங்க. நீயா போயி செவப்பு வேட்டியோட நின்னேன்னு வெச்சுக்கோ, பெண்டிங் கேஸ் அத்தினியும் உன் தலையில முடிஞ்சுடும்."

வேட்டியை மாற்றிக்கொண்டு போனேன். ஸ்டேஷனில் ஒரு பெண் ஏட்டு பொறுமையாகக் கேட்டார்.

"அடிபட்டது யாரு?"

"யாரும் இல்லைங்க மேடம்."

"புகார் குடுக்கறது?"

"அப்படியும் யாரும் இல்லைங்க."

"அப்ப நீங்க எதுக்கு வந்திருக்கீங்க?"

"எதுவும் நடக்கலன்னு பதிவு பண்ண முடியுமான்னு..."

அவர் பேனாவை மூடினார். "சார், வீட்டுக்குப் போய் மோர் குடிச்சிட்டுப் படுங்க."

படுக்கவில்லை. திரும்பி வரும்போதுதான் மூளை வேலை செய்தது. ரத்தம் இல்லை, பூசணிக்காய் என்று நிரூபிக்க வேண்டுமானால் பூசணிக்காய் வேண்டுமே! தெருமுனைக் குப்பைத் தொட்டியில் எங்கள் வீட்டுத் துண்டுகள் இன்னும் கிடந்தன. அமாவாசை என்பதால் தெருவில் உள்ள கடைக்காரர்கள் உடைத்த துண்டுகளும் கிடந்தன. எது நம் பூசணிக்காய் என்று முகம் பார்த்துப் பொறுக்கி ஒரு பையில் போட்டேன். இந்த வெயிலில் அழுகிவிடுமே. ஃபிரிட்ஜைத் திறந்து, இட்லி மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்ட நேரம் அது.

அரை மணி நேரத்தில் சமையலறையிலிருந்து ஒரு அலறல்.

"என்னங்க இது?"

"ஆதாரம்."

"ஊர்க் கண்ணையெல்லாம் சுத்தி எடுத்து வெளிய போட்டா, அதைப் பொறுக்கிட்டு வந்து மாவுக்குப் பக்கத்துல வெச்சிருக்கீங்களா? ஐயோ, நம்ம கண்ணு மட்டுமா? இதுல அந்த எலெக்ட்ரிக் கடைக்காரரோட கண்ணும் சேர்ந்திருக்கே!"

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. அடுத்த கடைக்காரரின் திருஷ்டியையும் சேர்த்துக் குளிர்பதனம் செய்த ஒரே ஆள் இந்த மாவட்டத்திலேயே நானாகத்தான் இருப்பேன். மாவு முழுவதும் சாக்கடைக்குப் போனது. ஃபிரிட்ஜை மஞ்சள் தண்ணீரில் துடைத்தாள். பை வீட்டுக்குள் இருக்கக் கூடாது என்றாள். கார் டிக்கியில் வைக்கட்டுமா என்றேன். "கார்ல இருந்துதானே அந்தக் கண்ணையே எடுத்தோம்?" என்றாள். செக்யூரிட்டி தன் அறையில் வைக்க மாட்டேன் என்று கையெடுத்துக் கும்பிட்டார். கடைசியில் காம்பவுண்ட் சுவருக்கு வெளியே ஒரு ஆணியில் மாட்டிவிட்டு, காக்கை வராமல் நான் குடையோடு காவல் நின்றேன். காரையும் கழுவவில்லை. இனிமேல் கழுவினால் தடயத்தை அழித்ததாகிவிடும் என்று பயம். டயரில் எறும்பு ஊர்வலம் தொடங்கியிருந்தது.

திங்கட்கிழமை சர்வேயர் வந்தார். பூந்தமல்லிக்காரர். பைக்கை நிறுத்தி, போனில் "இன்ஷா அல்லா, மதியம் வந்துடறேன்" என்று யாரிடமோ சொல்லி முடித்துவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றினார். காரைப் பார்த்தார். குடையைப் பார்த்தார். நான் பையை நீட்டினேன். ஃபிரிட்ஜை விட்டு வந்து வெயிலில் தொங்கிய பிறகு அது பூசணிக்காய் என்று நானே சத்தியம் செய்திருக்க மாட்டேன்.

"உள்ள வையுங்க சார், வேணாம். பூசணிக்கா ஒடைச்சீங்களா?"

"எப்படித் தெரிஞ்சுது?"

"நம்பர் பிளேட்ல விதை ஒட்டியிருக்கே சார். எங்கம்மா மொளகா சுத்திப் போடுவாங்க. அதுல வண்டிக்குச் சேதாரம் இல்ல."

எனக்கு உயிர் வந்தது. அவர் குனிந்து ஒவ்வொரு இடமாகப் படம் எடுத்தார். பானெட், சரி. ஹெட்லைட், சரி. பம்பர், சரி. பிறகு பம்பருக்குக் கீழே, இடது பக்கம், பனிவிளக்குக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடி நொறுங்கியிருந்தது. சென்னையில் பனிவிளக்கு எதற்கு என்று கேட்காதீர்கள், விற்றார்கள், வாங்கினேன்.

"சார், லாரியில இடிச்சது வலது பக்கம், மேல. இது இடது பக்கம், கீழ. இது எதுல ஒடைஞ்சுது?" அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "பார்த்துச் சொல்லுங்க. ஏற்கெனவே ரெண்டு மோதல்னு எழுதி வெச்சிருக்காங்க. ஒண்ணு பொருந்தலன்னாலும் மொத்தத்தையும் நிராகரிச்சுடுவாங்க."

பூசணிக்காய் என்று சொன்னால் இன்னொரு மோதல் உறுதியாகிறது. லாரி என்று சொன்னால் பொருந்தவில்லை. இப்படி இக்கட்டு வந்தால் என் வாய் எப்போதும் தப்பான பக்கம்தான் திரும்பும். திரும்பியது.

"டேங்..." என்றேன்.

"பூசணிக்கா சார்," என்றாள் என் மனைவி. "நான்தான் சுத்திக் குடுத்தேன். இவர்தான் போட்டார். தரையில போடுங்கன்னா வண்டியில போட்டார். அந்த லாரிக்காரர் பாவம், சும்மா நின்னுட்டிருந்தார். வேணும்னே வண்டிய அடிச்சது இவர் ஒருத்தர்தான்."

சர்வேயர் சிரிப்பை ஹெல்மெட்டுக்குள் மறைக்கப் பார்த்தார், முடியவில்லை. "இந்த விளக்கு மட்டும் உங்க செலவு. மத்தது விபத்துதான்னு எழுதிடறேன். இனிமே கழுவிக்கலாம் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். கிளைம் பாஸானது என்று மறுநாள் தகவல் வந்தது.

அன்று அவளிடம் கேட்டேன். "நீ வாயைத் திறக்காம இருந்திருந்தா நான் ஒளறி கிளைம் போயிருக்கும். கார வித்திருக்கலாம். அதானே நீ கேட்டது?"

"கார் போனா போகட்டும்ங்க. ஆனா நான் பூசணிக்கா சுத்தினதாலதான் கிளைம் போச்சுன்னு நீங்க ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவீங்களே. அதைக் கேக்கறதுக்குக் காரே இருந்துட்டுப் போகட்டும்."

வண்டி தயாரானதும் அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்த ஒர்க்‌ஷாப்புக்கு அவளும் வந்தாள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை இழுத்துப் போட்டு, ஜன்னலுக்கு மேலே இருக்கிற கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். நான் கிளம்பினேன்.

"முன்னாடி பஸ் போகுது."

"தெரியுது."

"பிரேக் லைட் எரியுது."

"தெரியுதும்மா."

"நிக்கப் போறான். நிக்கறான். நின்னுட்டான்!"

நானும் நின்றேன். பஸ்ஸுக்கும் எனக்கும் நடுவில் ஒரு கல்யாண மண்டபம் கட்டலாம், அவ்வளவு தூரம். பின்னால் இருந்தவர்கள் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள். அவள் கைப்பிடியை விட்டாள்.

"இவ்வளவு இடம் விட்டா ஆட்டோக்காரன் நடுவுல வந்துடுவான்" என்றாள்.

வந்துவிட்டான்.