தூணுக்குள் ஒரு முதுகு

திருப்பதியில் உட்கார்ந்துகொண்டு பிரான்ஸ் நாட்டுச் சந்தைக்கூடம் ஒன்றை வரையும் வேலை எனக்கு வந்தது. பல நூற்றாண்டுப் பழசு. சுவரே கிடையாது, ஓக் மரத் தூண்களும் ஓடு வேய்ந்த பெரிய கூரையும்தான். ஸ்கேனர் அதைக் கோடிக்கணக்கான புள்ளிகளாகப் பிடித்து அனுப்பியிருந்தது. அப்போது அங்கே நின்ற ஆட்களும் புள்ளிகளாக வந்திருந்தார்கள். அவர்களை அழித்துவிட்டுத் தூண்களை வரைய வேண்டும். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அங்கே தச்சர்கள் பழுதுபார்ப்பார்கள்.

ஒரு தூணில் சாய்ந்திருந்த வயதான அம்மாவை அழித்தேன். அவர் நகர்ந்தபின் எடுத்த இன்னொரு ஸ்கேனில் அந்த இடத்து மரம் பள்ளமாக இருந்தது.

"ஸ்கேன்ல தப்பு வந்துகீதுடா. நேரா கோட்டை இழு, பிரான்ஸ்காரங்க வெயிட் பண்ணிக்கினு கீறாங்க," என்றான் பக்கத்து இருக்கை முரளி.

இழுத்தேன். மனம் கேட்கவில்லை. அந்த அம்மாவைத் திரும்பக் கொண்டுவந்தேன். அவர் முதுகு பள்ளத்தில் அப்படியே பொருந்தியது. ஒருவர் சாய்ந்து ஓக் மரம் தேயுமா? அவருக்கு முன்னால் எத்தனை தலைமுறை வியாபாரிகளோ!

"இன்னாடா, பேயப் பாத்த மாதிரி கீற?"

"ஒரு பேய் இல்லடா, கும்பலே நிக்குது."

என் நேர்க்கோட்டை நம்பியிருந்தால் தச்சர்கள் அந்தப் பள்ளத்தை அடைத்திருப்பார்கள். கோட்டை அழித்துவிட்டு, பள்ளத்தை உள்ளபடி வரைந்து அனுப்பினேன்.

மாலையில் பஸ் ஸ்டாண்டுத் தூணில் சாயப் போனேன். தலை உயரத்தில் சந்தனம் அப்பியிருந்தது, சாய்ந்துவிட்டுப் போன மொட்டைத் தலைகளின் தடம். யாரோ இன்னும் நிற்பதுபோல் இருந்தது. சற்றுத் தள்ளி நின்றுகொண்டேன்.