ஜெயப்பிரியாவின் நீராவி எஞ்சின்கள்

செங்கல்பட்டில் உள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் தியேட்டருக்குப் பின்னால், கத்தி, கத்திரி, துணி மூட்டைகளையெல்லாம் ஆவியில் வைத்துக் கிருமி நீக்கும் அறை ஒன்று இருக்கிறது. பத்தொன்பது வருடங்களாக அந்த அறை ஜெயப்பிரியாவின் பொறுப்பு. ஆள் உயரத்துக்கு நிற்கும் ஆட்டோகிளேவ் மெஷின் சீறுகிற சத்தத்தை வைத்தே உள்ளே எத்தனை பவுண்டு ஆவி ஏறியிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். சொன்ன பிறகு மீட்டரையும் ஒருமுறை பார்ப்பாள். எதையும் இரண்டு தடவை பார்ப்பது அவள் சுபாவம்.

அவளுடைய சித்தி மகள் வேண்டாவுக்கு மாமல்லபுரத்து லாட்ஜ் ஒன்றில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை. எப்போதோ வந்து தங்கிய வெளிநாட்டுக்காரர் ஒருவர் விட்டுப்போன பெட்டி அங்கே ஸ்டோர் ரூமில் வருடக்கணக்காகக் கிடந்தது. பழைய இரும்போடு போட்டுவிடச் சொன்னார் முதலாளி. வேண்டாவுக்கு மனசு வரவில்லை. அவரிடமே கேட்டு வாங்கி, பஸ் ஏறிச் செங்கல்பட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

"அக்கா, சின்ன பாய்லர் மாதிரி இன்னாவோ கீது. ஆவி வெவகாரமெல்லாம் உனக்குத்தான தெரியும், நீயே பாரு" என்றாள்.

பெட்டிக்குள் இருந்தது ஒரு சாண் நீளத்தில் கறுத்துப்போன பித்தளை ரயில் எஞ்சின். பொம்மைதான், ஆனால் நிஜமாகவே தண்ணீர் ஊற்றி, அடியில் ஸ்பிரிட் விளக்கேற்றி, ஆவியில் ஓடக்கூடியது. ஜெயப்பிரியா அதைப் புளி போட்டுத் தேய்த்தாள். பற்றவைப்பதற்கு முன் பாய்லரில் பச்சைத்தண்ணீரை நிரப்பி, பெரிய சிரிஞ்சால் அழுத்தம் கொடுத்து, எங்கேயாவது கசிகிறதா என்று பார்த்தாள். கசியவில்லை. மறுபடியும் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜைமேல் அது முதன்முதலாக ஓடியது. மோர் டம்ளரைத் தள்ளிவிட்டு, மேஜை விளிம்பைத் தாண்டி, அவள் கணவர் சரவணகுமாரின் மடியில் போய் விழுந்தது. அவர் லுங்கியை உதறிக்கொண்டு எழுந்த வேகத்தை இன்றும் மகள் ரக்ஷா நடித்துக் காட்டுவாள். அன்றைக்கு ஜெயப்பிரியா சிரிக்கவில்லை. சக்கரம் சுற்றியதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு வீடு கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. கூடத்தில் வட்டமாகத் தண்டவாளம் வந்தது. எஞ்சினின் சூடு வீணாகாமல் இருக்க, ஐஸ் குச்சிகளை வரிசையாக அடுக்கி பாய்லரைச் சுற்றி ஒட்டி வார்னிஷ் அடித்தாள். குச்சிகளுக்காக அந்த வீட்டில் எல்லோரும் ஒரு கோடை முழுக்க ஐஸ் தின்றார்கள். ஸ்பிரிட் விளக்கை எடுத்துவிட்டு, லைட்டரில் அடைக்கும் கேஸில் எரிகிற பர்னரை வைத்தாள். அந்தச் சூட்டுக்குப் பழைய ஈயப்பற்று தாங்காது என்று தெரிந்ததும், ஏசி மெக்கானிக் மணியிடம் கொடுத்து வெள்ளிக் கம்பியால் பற்றவைத்து வாங்கினாள். கட்டைவிரல் அகலத்தில் ஒரு பிரஷர் மீட்டரும் ஏறியது. ஊர் போர் தண்ணீரில் உப்பு படியும் என்பதால் காய்ச்சி வடித்த தண்ணீரைத் தவிர வேறு எதையும் ஊற்ற மாட்டாள். புதுப்பட்டினத்திலிருந்து மாற்றலாகிப் போன ஒரு குடும்பத்திடம் இன்னொரு எஞ்சின் கிடைத்தது. சென்னைப் பழைய சாமான் கடைகளில் இரண்டு. எல்லாம் கை உடைந்து கால் உடைந்து வந்தவை. அவற்றையும் ஓடவைத்தாள்.

போன மாசியில் ரக்ஷா ஒரு செய்தி கொண்டுவந்தாள். இப்படி எஞ்சின் வைத்திருப்பவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்திருக்கிறார்களாம், ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் கடற்கரை ரிசார்ட்டில் போட்டியாம். ஜெயப்பிரியா தயங்கினாள். சரவணகுமார்தான் தன் குட்டியானை லோடு வண்டியில் அவளை ஏற்றிக்கொண்டு போனார். வழி முழுக்க அந்த முதல் எஞ்சின் அவள் மடியில், துண்டு சுற்றி.

புல்தரையில் தண்டவாளம் போட்டிருந்தார்கள். வந்தவர்களில் அவளைத் தவிர எல்லோரும் ஆண்கள். போட்டிக்கு நடுவர் ஏசுபாதம். சின்ன வயதில் நிஜ நீராவி எஞ்சினில் கரி அள்ளிப் போட்டு, பிறகு டிரைவராகி ஓய்வு பெற்றவர். அவர் எஞ்சினைப் பார்த்துவிட்டு சரவணகுமாரிடம், எப்போது வாங்கினீர்கள் என்று விசாரித்தார்.

"நான் வெறும் டிரைவர் சார், அதுவும் குட்டியானைக்கு. எஞ்சினு அவங்களது" என்றார் சரவணகுமார்.

ஒருமுறை தண்ணீர் நிரப்பி, இரண்டு பெட்டிகளை இழுத்துக்கொண்டு அதிகச் சுற்று வரும் எஞ்சினுக்குக் கோப்பை என்பது போட்டியின் விதி. கடல்காற்று பலமாக வீசியதில் ஸ்பிரிட் விளக்கு எஞ்சின்கள் ஒவ்வொன்றாக அணைந்து நின்றன. ஜெயப்பிரியா பால்பவுடர் டின்னை வெட்டி பர்னருக்கு மறைப்புக் கட்டியிருந்தாள். கடைசியில் இரண்டே எஞ்சின்கள் ஓடின. ஒன்று அவளுடையது. மற்றது ஹரிசங்கர் என்ற கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர் வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, பெரிய பர்னர் மாட்டியிருந்த பளபளப்பான எஞ்சின். ஜெயப்பிரியா மூன்று சுற்று முன்னால் இருந்தாள்.

பாய்லர் தண்ணீர் பன்னிரண்டு நிமிடத்துக்குத்தான் பத்திரமாக வரும் என்பது அவளுக்குத் தெரியும். வீட்டில் பத்து தடவை அளந்திருந்தாள். பன்னிரண்டாவது நிமிடம் அவள் குனிந்து கேஸை மூடினாள். எஞ்சின் இன்னும் நன்றாகத்தான் இழுத்துக்கொண்டிருந்தது. ஏன் நிறுத்தினீர்கள் என்று சுற்றி நின்றவர்கள் கேட்டார்கள். இன்னும் நாலைந்து சுற்று வந்திருக்கும் என்று அவளுக்கே மனசு அடித்துக்கொண்டது. ஆனாலும் கேஸை மறுபடி திறக்கக் கை நீட்டவில்லை.

ஹரிசங்கரின் எஞ்சின் மேலும் நான்கு சுற்று ஓடி அவளைத் தாண்டியது. ஐந்தாவதில் அதன் அடிவயிற்றிலிருந்து புஸ்ஸென்று ஒரு சத்தம். தண்ணீர் வற்றிப்போய், ஈயப்பற்று உருகி, எஞ்சின் நின்றுவிட்டது. யாருக்கும் அடிபடவில்லை. ஹரிசங்கரின் முகம்தான் வாடிவிட்டது.

ஏசுபாதம் கோப்பையை எடுத்து ஹரிசங்கரிடமே கொடுத்தார்.

"கப்பு இவருக்குத்தான், ரூல் அப்டி கீது" என்றவர் ஜெயப்பிரியா பக்கம் திரும்பினார். "ஆனா ஒண்ணு சொல்றேன். ஜெயிக்கிற நேரத்துல தண்ணியப் பாத்து நிறுத்தறதுக்கு எங்காளுங்களுக்கே மனசு வராது. என்கிட்ட ஒரு எஞ்சின் இருந்தா இந்த அம்மா கையிலதான் குடுப்பேன்."

ஜெயப்பிரியா எஞ்சினைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் ஹரிசங்கர் கோப்பையை ஒரு கையிலும் எஞ்சினை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு அவளிடம் வந்தார்.

"மேடம், இதைச் சரிபண்ண முடியுமா?"

தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள். "முடியும் சார். பற்று மட்டுந்தான் போயிருக்குது, தகடு நல்லாத்தான் கீது. ஆனா டெஸ்ட் பண்ணாமத் திருப்பித் தரமாட்டேன்."

அந்த எஞ்சின் மூன்று வாரத்தில் ஓடியது. அதோடு ஒரு கோடுபோட்ட தாளும் போனது. ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் எழுதுவது போலவே தேதி, அழுத்தம், எத்தனை நிமிடம் தாங்கியது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். ஹரிசங்கர் அதைப் படமெடுத்து எஞ்சின்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்.

இப்போது மாதத்தில் இரண்டு சனிக்கிழமை அவள் வீட்டு வாசலில் பழுதான எஞ்சின்களோடு சென்னைக் கார்கள் நிற்கின்றன. அவளுடைய சொந்த எஞ்சின்கள் ஏழாகிவிட்டன. டீ போட்டே கை தேய்ந்துவிட்டதாகச் சரவணகுமார் அலுத்துக்கொள்கிறார். ஆனால் சாமான் ஏற்ற அவர் வண்டியை வாடகைக்குப் பிடித்துக் கூடவே ஏறுகிறவர்கள் அச்சரப்பாக்கம் போய்ச் சேருவதற்குள் பாய்லர் டெஸ்ட் எப்படிச் செய்வது என்று முழுசாகத் தெரிந்துகொண்டுதான் இறங்குகிறார்கள்.