கோகிலவாணியின் ஆள் தேடும் வலை

மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அது ஒரு நாடு; அப்படிக் குண்டனி நாட்டில் பிறந்த கோகிலவாணிக்கு ஒரு கெட்ட பழக்கம். யாராவது ஒரு வேலையை நறுவிசாகச் செய்வதைப் பார்த்துவிட்டால், எங்கே கற்றீர்கள், யாரிடம் கற்றீர்கள் என்று துருவித் துருவிக் கேட்காமல் விடமாட்டாள். தன் கல்யாணத்தன்றே சமையல்காரரை மடக்கி அடுப்பைப் பற்றி விசாரித்தவள் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்! கோயம்புத்தூரில் ஒரு பெரிய கம்பெனி இந்தப் பழக்கத்துக்குச் சம்பளமே கொடுத்தது. அங்கே ஒரு மாடிக்காரருக்குத் தெரிந்தது அடுத்த மாடிக்காரருக்குத் தெரியாது. எந்த வேலையில் யார் கெட்டிக்காரர் என்று தேடிக் கொடுக்க ஒரு மென்பொருள் செய்தார்கள். அதில் இவளும் வேலை பார்த்தாள்.

பிறகு மலைக்கே திரும்பி, செம்மேட்டில் உழவர் உற்பத்தியாளர் கம்பெனியில் சேர்ந்தாள். சேர்ந்த கையோடு அதே யோசனையைக் கிளப்பினாள். நாடு நாடாகச் சிதறிக் கிடக்கிற உறுப்பினர்கள், ஊழியர்கள் கைவசம் எத்தனை வித்தை இருக்கும்! மேலாளர் முரளி சிரித்தார்.

"நம்மாளுங்கள நமக்குத் தெரியாதா கண்ணு? இதுக்கொரு கம்ப்யூட்டரா?"

இவள் ஒற்றைக்காலில் நின்றாள். தொல்லை தாங்காமல், மற்ற வேலை போக மிச்ச நேரத்தில் செய்துகொள்ளச் சொல்லிவிட்டார்.

எடுத்த எடுப்பிலேயே சறுக்கல். "உங்களுக்கு எது நல்லாத் தெரியும்?" என்று எல்லோரையும் கேட்டாள். மலையில் வந்து இப்படிக் கேட்கலாமா? தன் பெருமையைத் தானே பேசுவது இங்கே அசிங்கம். "எனக்கென்னங்க தெரியும்?" என்று பேசிவைத்தாற்போல எல்லோரும் கையை விரித்தார்கள். முரளியும் அதையேதான் சொன்னார். அவரும் வாழவந்தி நாட்டுக்காரர்தானே. சில நாள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தவள், கேள்வியைத் திருப்பிப் போட்டாள். "ஒரு மிஷின் நின்னுபோச்சுன்னா யாரைக் கூப்பிடுவீங்க?" அவ்வளவுதான், ஒருவர் வாயையும் மூட முடியவில்லை! அடுத்தவரைப் பாராட்ட யாருக்கென்ன கூச்சம்?

அவர்கள் சொன்னதையெல்லாம் அவளும் இன்னும் இரண்டு பேரும் சின்னச் சின்ன வாக்கியங்களாகக் கணினியில் ஏற்றினார்கள். இன்னார் இன்னதைச் சரிசெய்தார். இன்ன இயந்திரத்துக்குள் இன்ன பாகம் இருக்கிறது. இதற்குப் படித்தவர்கள் செமாண்டிக் டேட்டா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரைக் கண்டு மிரள வேண்டாம். எழுத்தை மட்டும் பார்க்காமல், எது எதற்குச் சொந்தம் என்று கணினியே கோத்துப் பார்க்கும், அவ்வளவுதான் விஷயம்.

ஒரு வருஷம் ஓடியது. ஒருவரும் அதைத் திறந்து பார்க்கவில்லை. தை மாதத்தில் ஒரு காலை முரளி அவளைக் கூப்பிட்டார். "இன்னிக்கோட அதை நிறுத்திரலாம் கோகிலா. மிளகு வர்ற நேரம், இருக்கற வேலைக்கே ஆள் பத்தல." அவளுக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம். "சரிங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

அன்று மதியம் மிளகு உலர்த்தும் இயந்திரம் நின்றது. வாங்கி ஆறு மாதம்கூட ஆகாத புத்தம்புது இயந்திரம்! திரையில் சிவப்பாக ஏதோ எழுத்து மின்னியது. அதை இயக்கும் வேல்முருகன் அணைத்து அணைத்துப் போட்டும் பலனில்லை. விற்ற கம்பெனிக்காரர்கள் நாளை மறுநாள்தான் வருவார்களாம். உள்ளே பச்சை மிளகு மலையாகக் குவிந்திருந்தது. வெளியே எதிர்க் கட்டடம் தெரியாத அளவுக்கு மூடுபனி. வெயிலில் காயவைக்க வழியில்லை. நாளை மறுநாள் வரை கிடந்தால் பூசணம் பிடித்துவிடும்.

கோகிலவாணி தன் மேசைக்கு ஓடினாள். காலையில் நிறுத்தச் சொன்னதை நல்லவேளையாக இன்னும் நிறுத்தவில்லை. மிளகு உலர்த்தும் இயந்திரத்தைச் சரிசெய்தவர் யார் என்று கணினியைக் கேட்டாள். யாருமில்லை என்றது. பின்னே, புது இயந்திரத்தை யார் சரிசெய்திருப்பார்கள்? தன் புத்தியைத் தானே நொந்துகொண்டாள். அந்த இயந்திரத்துக்குள் என்னென்ன இருக்கிறது? காற்றாடி, திரை, டீசலை எரித்துக் காற்றைச் சூடாக்கும் பர்னர். சரி, உலகத்தில் எந்த மூலையிலாவது, எந்த இயந்திரத்திலாவது டீசல் பர்னரைச் சரிசெய்த ஆள் நம்மில் யார்?

ஒரே ஒரு பெயர் வந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது.

"சார், ஆள் கிடைச்சாச்சுங்க!"

"யாரு? சீக்கிரம் சொல்லு, ஜீப் அனுப்பறேன்."

"நீங்கதானுங்க சார்!"

முரளி முறைத்தார். "விளையாடற நேரமா இது?"

"சேந்தமங்கலத்துப் பக்கம் ஜவ்வரிசி ஆலையில மாவு காயவெக்கிற பர்னர் நின்னா முரளியத்தான் கூப்பிடுவோம்னு அம்சவேணி அக்கா சொல்லியிருக்காங்க." அம்சவேணி, இங்கே மிளகு தரம் பிரிப்பவர், ஒரு காலத்தில் முரளியோடு அந்த ஆலையில் கூலிக்குப் போனவர்.

"அது பழைய டப்பா. இது ஸ்கிரீன் வெச்ச மிஷினு!"

"ஸ்கிரீன் வெளியதானுங்க சார். உள்ள அதே பர்னர்தான்."

முரளி அவளையும் இயந்திரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சட்டைக் கையை மடித்துவிட்டார். வேல்முருகன் மறுபடி இயக்கினான். சுடர் பற்றியது, உடனே அணைந்தது.

"அட, பத்திட்டுத்தான் அணையுதா?" முரளியின் குரலே மாறிவிட்டது. "சுடரைப் பாக்கற கண்ணாடியில கரி படிஞ்சிருக்கும். சுடர் தெரியலைன்னா டீசலை அதுவே நிறுத்திரும்!" விரல் நீளத்தில் எதையோ கழற்றி, வெள்ளைச் சட்டையிலேயே துடைத்து மாட்டினார். "இப்பப் போடு."

குப்பென்று பற்றியது. அணையவில்லை! உறுமிக்கொண்டே வெப்பக்காற்று கிளம்ப, வேல்முருகன் விசிலடித்தான். கோகிலவாணிக்குத் தலைகால் புரியவில்லை. கரிபிடித்த சட்டையோடு முரளி கல்யாண மாப்பிள்ளை கணக்காக நின்றார்.

அப்போது அவருடைய செல்போன் அடித்தது. வாழவந்தி நாட்டுக் கொள்முதல் நிலையம். சாமை உடைக்கும் இயந்திரம் ஓடவில்லையாம்.

"பதறாதீங்க, லைன்லயே இருங்க," என்றார் முரளி. "கோகிலாகிட்டக் கேட்டுச் சொல்றேன்."

சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

அவள் அங்கே இருந்தால்தானே. "மிஷின் பேரு வேண்டாங்க சார்! அதுக்குள்ள என்னென்ன இருக்குதுன்னு கேளுங்க!" என்று கத்திக்கொண்டே மேசையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள்.