கடைசிக் கட்டம் கறுப்பாகவே இருக்கட்டும்

எங்கள் வீட்டுக்காரருக்குக் காலியிடம் என்றாலே ஆகாது.

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற மனிதர் வேறு எப்படி இருப்பார்? தாளில் ஒரு விரல் அகலம் வெறுமனே கிடந்தால் போதும், அங்கே ஒரு தாமரையைப் போட்டுவிடுவார். இல்லையென்றால் ஒரு குத்துவிளக்கு. ஆர்டர் கொடுத்த பார்ட்டியும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போவார்.

அந்தப் பழக்கம் போன வாரம் என் அக்கா மகள் மாரிச்செல்வியின் அடிமடியிலேயே கை வைத்துவிட்டது!

செல்வி சாத்தூர்ப் பெண். மதுரையில் தங்கி ஆராய்ச்சி செய்கிறாள். தசை செல்கள் எப்படி உருவாகின்றன என்பதுதான் அவள் பாடம். உதிரி உதிரியாகக் கிடக்கும் சின்னச் செல்கள் வரிசை கட்டி, ஒன்றோடொன்று சேர்ந்து, நீள நீளமான தசை இழைகளாக மாறுமாம். மாறும்போது உள்ளே சில புரதங்கள் புதிதாக உண்டாகுமாம். சரி... கண்ணுக்கே தெரியாத புரதத்தை எப்படிப் பார்ப்பது?

அதற்குத்தான் ஆன்டிபாடி. முதல் ஆன்டிபாடி தேடிப் போய் அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒளிரும் சாயத்தைச் சுமந்து வரும் இரண்டாவது ஆன்டிபாடி, முதலாவதைப் பிடித்துக்கொள்ளும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இழை இழையாகப் பச்சை! நம் ஊர் வாண வேடிக்கை தோற்றது போங்கள்.

"அந்தச் சாயம் கண்ட இடத்துல ஒட்டலைன்னு எப்படிடி நம்புறது?" என்று கேட்டேன். பத்திரிகைக்கு எழுதுகிறவள், சந்தேகப்படாமல் இருப்பேனா?

"அப்படிக் கேளுங்க சித்தி! முதல் ஆன்டிபாடியைப் போடாம, ரெண்டாவதை மட்டும் போட்டு ஒரு படம் எடுப்போம். அதுல பச்சையே தெரியக் கூடாது. அது கறுப்பா இருந்தாத்தான் மத்த பச்சையெல்லாம் நெசம்."

அந்தக் கறுப்புக்காக அவள் பட்ட பாடு இருக்கிறதே... மாதக்கணக்கில் அந்தப் படத்திலும் பச்சை அப்பிக்கொண்டு வந்தது. கழுவினாள், ஆன்டிபாடி அளவைக் குறைத்தாள், அழுதாள். ஒருநாள் சுத்தமான கறுப்பு வந்தது. போனில் அவள் போட்ட கூச்சலில் என் காது அடைத்துவிட்டது.

போன வாரம் மதுரையில் கருத்தரங்கு. ஆய்வைப் போஸ்டராக மாட்டி நடுவர்களுக்கு விளக்க வேண்டும். முதலிடம் பிடித்தால் பெங்களூரில் ஒரு பெரிய ஆய்வுக்கூடத்தில் ஆறு மாதப் பயிற்சி. அதற்காகப் பிள்ளை சோறு தண்ணி மறந்து கிடந்தாள்.

போஸ்டர் அடிக்கிற பொறுப்பு சித்தப்பாவுக்கு. சீசன் வேலையை எல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு, தானே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சரிபார்த்து, அச்சடித்து, சுருட்டி, காரில் வைத்தார். நாங்கள் இரண்டு பேரும் மதுரைக்குக் கொண்டுபோனோம்.

அரங்கில் பிரித்தோம். செல்வியின் முகம் செத்துப்போனது.

கடைசிக் கட்டத்தில் பளபளவென்று பச்சை!

"சித்தப்பா... இங்கன கறுப்பா ஒரு படம் இருந்துச்சே?"

"அதுவா? படம் விழலை தாயி. வெறும் கறுப்பாக் கெடந்துச்சு. ஒரு கட்டம் இருட்டாக் கெடந்தா பார்ட்டி லோடையே திருப்பி அனுப்பிருவான்ல? அதான் பக்கத்துப் படத்தை எடுத்துப் போட்டேன். ஒரே படம்னு தெரிஞ்சிரக் கூடாதுன்னு இடம் வலமாத் திருப்பி வேற போட்டிருக்கேன். எம்புட்டு அழகா இருக்கு பாரு!"

ஐயோ கடவுளே! ஒரே படத்தைத் திருப்பிப் போட்டு வேறு படம் என்று காட்டினால், ஆராய்ச்சி உலகில் அதற்குப் பெயர் மோசடி. பெங்களூர் கிடக்கட்டும், இவள் பெயரே கெட்டுவிடுமே! செல்வி விஷயத்தைச் சொன்னதும் மனிதர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நாலு வார்த்தை நன்றாகக் கேட்டிருப்பேன். அவர் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது. விட்டுவிட்டேன்.

செல்வி அழவில்லை. பென் டிரைவை எடுத்துக்கொண்டு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடைக்கு ஓடினாள். நான் மூச்சிரைக்கப் பின்னாலேயே ஓடினேன்.

"ஃபைல் சரியா ஓப்பன் ஆகலை போலக்கா. வெறும் கறுப்பாத்தான் வருது," என்றார் கடைக்காரர்.

"அதாண்ணே வேணும்! அடிங்க!"

வெட்டி, பசை தடவி, பச்சையின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும்போதே நடுவர்கள் வந்துவிட்டார்கள். அவர்களில் ஒரு பேராசிரியை குனிந்து பார்த்தார். "என்னம்மா இது, இதை மட்டும் தனியா ஒட்டியிருக்கே?"

"பிரிண்டிங் மிஸ்டேக்குன்னு சொல்லிரு தாயி," என்று இவர் பின்னாலிருந்து கிசுகிசுத்தார். அது ஒன்றும் பொய் இல்லையே? அதோடு முடிந்துபோகும்.

அவள் செய்ததைப் பாருங்கள்... ஒட்டிய தாளின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினாள்!

"கீழ இருக்குறது தப்பான படம் மேடம். எங்க சித்தப்பா பிரஸ்ல அடிச்சது. கறுப்பா இருக்கவும் படம் விழலைன்னு நெனச்சு, பக்கத்துப் படத்தைத் திருப்பிப் போட்டுட்டாக. நான் பிரிச்சுப் பார்த்ததே இப்பத்தான். மேல ஒட்டுனதுதான் நெசம்."

லேப்டாப்பைத் திறந்து அசல் படங்களைக் காட்டினாள். பச்சை அப்பிக்கொண்டு வந்த பழைய படங்களையும் சேர்த்துத்தான். எங்கே தப்பு நடந்தது, எப்படிச் சரிசெய்தாள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

பேராசிரியை வாய்விட்டுச் சிரித்தார். "காலையில இருந்து பச்சையாப் பார்த்துப் பார்த்துக் கண்ணு கூசிப்போச்சு. இந்தக் கறுப்பை யாராவது காட்டுவாங்களான்னுதான் தேடிக்கிட்டு வர்றேன்," என்றார்.

சாயங்காலம் பெயரை வாசித்தார்கள். முதலிடம் — எங்கள் செல்வி! நான் அழுதுவிட்டேன். வெட்கமே இல்லாமல் அழுதேன். எங்கள் வீட்டுக்காரர் அத்தனை படித்தவர்களுக்கு நடுவே விசில் அடித்தார். கருத்தரங்கில் விசில் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டேன்.

திரும்பும் வழியில் விருதுநகரில் எண்ணெய் பரோட்டா. சந்தோஷம் தாங்கவில்லை மனிதருக்கு. போனை எடுத்து, பரோட்டா கடைக்காரர் முன்னால் நீட்டினார். "எங்க புள்ள எடுத்த படம், பாருங்க!"

அவர் போனை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். "ஒண்ணுமே தெரியலையே அண்ணாச்சி?"

"அதுக்குத்தான்யா ஃபர்ஸ்ட் பிரைஸு!"